நிறையாத தொட்டி

குளியலறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. முதலில் வாளித் தண்ணீர் சரிந்து விழும் ஓசை. பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. அப்புறம், வெயிலில் ஓடிவந்தவன் ஒரே மடக்கில் சொம்பைக் காலி செய்வதுபோல, பூமிக்கடியிலிருந்து 'களுக்' என்று ஒரு விழுங்கல்.

சமையலறை மேஜையில் டீக் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருந்தவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் தினமும் கேட்கிற சத்தம்தான். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்போல, பழகிப் பழகிக் காதை விட்டே போய்விட்ட சத்தம். அன்றைக்குக் காலையில்தான் அது அவளுக்குக் கேட்டது.

"என்னங்க," என்றாள், மூடிய கதவைப் பார்த்து. "இன்னொரு வாளி ஊத்துங்க."

"எதுக்கு?"

"ஊத்துங்களேன்."

"ஊர்ல இருக்கற கக்கூஸை எல்லாம் எட்டிப் பாக்கறது போதாதா உனக்கு? கட்டின புருஷனையாவது நிம்மதியா இருக்க விடேன்."

முணுமுணுத்தாலும் ஊற்றினார். மறுபடியும் அதே அமைதி. அதே விழுங்கல்.

 ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் மூடிப் படுத்திருக்கும் கொழுந்தனின் நாலு வயதுப் பெண் குழந்தையின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. அந்தக் குழந்தை அவளை "பெரியம்மா" என்று ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அப்படிக் கூப்பிட அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

லாரி அக்கா என்றால் அந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் மிச்சம். ஐம்பத்தோரு வயது, ஒல்லி உடம்பு, எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல். வீடுகளின் கழிவுத் தொட்டிகளை உறிஞ்சி எடுக்கும் லாரி அவளுடைய லாரி. ஓட்டுகிறவளும் அவளே, குழாயை இழுத்துப் போடுகிறவளும் அவளே. அவள் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் ஜன்னல்கள் வரிசையாகச் சாத்திக்கொள்ளும். தொட்டி பொங்கி முற்றம் நாறிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் மட்டும் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக வரவேற்பார். வேலை முடிந்து கிளம்பும்போது அவரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

"வர்றப்ப சாமி, போறப்ப சனியன். நம்ம தொழில் அப்படி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சிரிப்பு எளிதில் வந்ததில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், கட்டட மேஸ்திரியான அவள் கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் பால் வண்டியை ஓட்டிப் பழகியவள் என்கிற ஒரே தகுதியோடு, எந்த ஓட்டுநரும் ஒரு வாரத்துக்கு மேல் தங்காத அந்த லாரியில் ஏறி உட்கார்ந்தாள். முதல் நாள் வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாளும் எடுத்தாள். மூன்றாம் நாள், "வாந்தி எடுக்கறதுக்கு வயித்துல ஒண்ணும் இல்லாமப் போனா வேலை தானா நடக்குது" என்று வீட்டில் வந்து சொன்னாள். படுக்கையில் கிடந்த மேஸ்திரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் அந்த லாரியில் ஒருமுறைகூட ஏறியதில்லை. மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனபோதுகூட, கோலை ஊன்றிக்கொண்டு பேருந்தில்தான் வந்தார்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எந்தத் தொட்டிக்குள்ளும் எந்த மனிதனும் இறங்கக் கூடாது. ஒருமுறை ஒரு விடுதி முதலாளி, அடியில் கட்டிப்போன கசடு குழாயில் ஏறவில்லை என்று, "யாராவது ஒரு ஆளை இறக்கிக் கலக்கி விடும்மா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். அவள் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "இறங்க ரெண்டு நிமிஷம் போதும் சார். தூக்கிட்டுப் போகத்தான் நாலு பேர் வேணும். ஒரு பக்கம் நீங்க பிடிப்பீங்களா?" என்று கேட்டாள். முதலாளிக்கு முகம் செத்துப்போனது. அப்புறம் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து, முழுநாள் பிடித்தாலும், மேலிருந்தே வேலையை முடித்துக் கொடுத்தாள்.

இன்னொரு பழக்கம், அந்த நீல அட்டை நோட்டு. எந்த வீடு, எந்தத் தேதி, குச்சியை விட்டுப் பார்த்தபோது எத்தனை அடி, இதற்கு முன்னால் எப்போது எடுத்தது. மற்ற லாரிக்காரர்கள் இருட்டும் வரை காத்திருந்து ஓடையில் திறந்துவிட்டுப் போவார்கள். அவள் பதினாலு கிலோமீட்டர் ஓட்டி, நகராட்சியின் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்டுவாள். அங்கே இருக்கும் காவலாளி, "ஊர்ல நேர்மையா வந்து சேர்ற ஒரே சரக்கு உங்களுதுதாம்மா" என்பான்.

மேஸ்திரியின் பெருமை வேறு மாதிரி. அந்த ஊரில் முழங்கால் ஆழத்துக்குத்தான் மண். அதற்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. டீ போடுகிற பாத்திரத்தில் மாதத்துக்கொரு முறை வெள்ளை ஓடு கட்டிக்கொள்வது அதனால்தான். மழைத்தண்ணீர் காலங்காலமாக அந்தப் பாறையை அரித்து அரித்து, விரிசலைப் பொந்தாக்கி, பொந்தைக் குகையாக்கி வைத்திருக்கிறது. கழிவுத் தொட்டிக்குக் குழி தோண்டும்போது சில இடங்களில் அடியில் ஒரு விரிசல் திறக்கும். அதை மேஸ்திரிகள் 'வாய்' என்பார்கள். வாய் கிடைத்துவிட்டால் கொண்டாட்டம். வீட்டுக்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார். அந்த வாயை மட்டும் பூசாமல் விட்டுவிட்டுத் தொட்டியைக் கட்டுவார்கள். எவ்வளவு ஊற்றினாலும் பாறை குடித்துக்கொண்டே இருக்கும். லாரிக்கு வேலையே இல்லை.

வாய் கண்டுபிடிப்பதில் அவள் கணவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடப்பாரையால் தட்டி, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். சொந்த வீட்டில் அவர் கட்டிய தொட்டி பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட நிறைந்ததில்லை. "என் பொழப்புல மண்ணைப் போடறது வேற யாரும் இல்ல, என் வீட்டுக்காரர்தான்" என்று அவள் எல்லோரிடமும் கேலியாகச் சொல்லுவாள். அதைக் கேட்கும்போது மேஸ்திரிக்கு மீசை துடிக்கும், சந்தோஷத்தில்.

அவர்கள் வீடு மேட்டுத் தெருவில். குழாய்த் தண்ணீர் அங்கேவரைக்கும்தான் வரும். அரை கிலோமீட்டர் இறங்கினால் பள்ளத் தெரு. அங்கே வீட்டுக்கு வீடு கிணறு. மேஸ்திரியின் தம்பி அங்கேதான் குடியிருந்தான். தம்பி மனைவி, அதாவது லாரி அக்காவின் ஓரகத்தி, பள்ளிச் சீருடை தைக்கிற தையல்காரி. கை சுத்தம், துணி சுத்தம், தரை சுத்தம். அவள் வீட்டில் நூல் துண்டு ஒன்று கீழே கிடந்து யாரும் பார்த்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், வேலை முடிந்து, குளித்து, துணி மாற்றிக்கொண்டு லாரி அக்கா அந்த வீட்டுக்குப் போனாள். தைக்கக் கொடுக்க வந்திருந்த நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரகத்தி எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். லாரி அக்காவுக்கு மட்டும் பேப்பர் கப்.

 எல்லோரும் பார்த்தார்கள். லாரி அக்கா அந்தக் கப்பைக் கையில் வாங்கினாள். ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. தையல் மெஷின் மேல் அலுங்காமல் வைத்துவிட்டு எழுந்தாள். "வரேம்மா" என்றாள். அதற்குப் பிறகு போகவே இல்லை. ஓரகத்திக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து அந்த வீட்டில் குழந்தை பிறந்தபோதும், ஆஸ்பத்திரியில் ஜன்னல் வழியாக, தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தவள் அவள்.

அந்தக் குழந்தைக்குத்தான் இப்போது மூன்றாவது முறை. மழை பெய்து இரண்டு நாள் ஆனால் போதும், வாந்தி, பேதி, காய்ச்சல். இந்தத் தடவை நாக்கு வறண்டு, கண் சொருகி, தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாகிவிட்டது. சுகாதார அலுவலகத்திலிருந்து தண்ணீர் பரிசோதிக்கிற பெண் வந்து, கிணற்றுத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டு போனாள். ஊரில் அவளைத் தண்ணி மேடம் என்பார்கள். முடிவு வந்தது. கண்ணாடிபோல் தெளிந்திருந்த அந்தத் தண்ணீரில் மனிதக் கழிவு கலந்திருந்தது.

தையல்காரி நேரே பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். ஓய்வுபெற்ற தபால்காரர் வீடு. அவருடைய தொட்டி அவள் கிணற்றிலிருந்து பன்னிரண்டு அடி தூரம்.

"என் குழந்தையைக் கொல்லப் பாக்கறீங்களா?" என்று அவள் கேட்டது தெரு முனைவரை கேட்டதாம்.

மறுநாள் சாயங்காலம் தபால்காரர் லாரி அக்காவைக் கூப்பிட்டார். "தங்கச்சி, வந்து எல்லார் முன்னாடியும் என் தொட்டியைத் திறந்து காட்டு. நாப்பது வருஷம் ஊரான் கடுதாசியைப் பிரிச்சுப் பாக்காதவன் நான். என் மேல இப்படி ஒரு பழி."

தெருவே கூடியிருந்தது. லாரி அக்கா மூடியை நகர்த்தினாள். குச்சியை விட்டாள். கழுத்தளவு நிறைந்திருந்தது. நோட்டைப் பிரித்துத் தண்ணி மேடத்திடம் நீட்டினாள்.

"பாருங்க மேடம். அடி, பக்கம் எல்லாம் பூசின தொட்டி. ஒரு சொட்டு வெளிய போக வழி இல்ல. நாலு மாசத்துக்கு ஒரு தடவை நிறையும், நாலு மாசத்துக்கு ஒரு தடவை நான் வருவேன். ஒழுகற தொட்டி எப்படி நிறையும்?"

"இந்த மனுஷனை நாங்க எவ்வளவு கேலி பண்ணியிருக்கோம், வாய் இல்லாத தொட்டி கட்டிட்டார்னு" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

தையல்காரி லாரி அக்காவைப் பார்க்கவில்லை. தண்ணி மேடத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அப்போ என் பொண்ணு வயித்துல போனது எந்த வீட்டு அசிங்கம்? குடிக்கறதுக்குக் கொதிக்க வெச்சுத்தானே குடுத்தேன். பல்லு தேய்க்கறப்பவும் குளிக்கறப்பவும் குடிச்சிருக்கு, சனியன் பிடிச்ச தண்ணியை."

"இந்தப் பாறையில பக்கத்து வீடுதான்னு சொல்ல முடியாதும்மா" என்றாள் தண்ணி மேடம். "மண்ணா இருந்தா வடிகட்டி, மெதுவா வரும். இங்கே பூமிக்கடியில குழாய் போட்ட மாதிரி ஓடுது. அரை கிலோமீட்டர் மேலேருந்துகூட வரலாம். என்கிட்ட ஒரு சாயம் இருக்கு, உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. சந்தேகப்படற தொட்டியில ஊத்தினா, வழி இருந்தா கிணத்துல வந்து நிக்கும். யார் வீட்டுல முதல்ல ஊத்தலாம்?"

அவ்வளவுதான். கூட்டம் கரைந்தது. ஒருத்தருக்கு அடுப்பில் பால். ஒருத்தருக்கு மருந்து சாப்பிடும் நேரம். வாசல் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

லாரி அக்கா வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினாள். பதினோரு வருஷத்தில் தன்னைக் கூப்பிட்ட வீடுகள் எல்லாம் அதில் இருந்தன. தன்னைக் கூப்பிடவே கூப்பிடாத வீடுகளைப் பற்றி அவள் அதுவரை யோசித்ததே இல்லை. ஏதோ ஒன்று மனதை நெருடியது, பிடி கிடைக்கவில்லை. மறுநாள் காலையில், டீக் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, குளியலறையிலிருந்து அந்த விழுங்கல் கேட்டது.

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அவள் போனில் பேசி முடித்திருந்தாள்.

"யாருக்குப் போன்?"

"தண்ணி மேடத்துக்கு. சாயத்தை நம்ம வீட்டுல ஊத்தச் சொன்னேன்."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் கறுத்தது.

"என் தொட்டியையா சந்தேகப்படறே? பதினெட்டு வருஷமா ஒரு சொட்டு பொங்கினதில்ல அது."

"அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு. போனதெல்லாம் எங்கே போச்சு?"

"பாறைக்குள்ள போச்சு."

"பாறைக்குள்ளேருந்து?"

 கோலைத் தரையில் தட்டினார். "இந்தா, நல்லாக் கேட்டுக்கோ. இந்த மாதிரி நாப்பத்தி மூணு தொட்டி கட்டியிருக்கேன். விழுந்து எழுந்தவனுக்கு மிச்சம் இருக்கறது அந்தப் பேர் ஒண்ணுதான். அதையும் நீயே குழி தோண்டிப் புதைக்கப் போறியா?"

"யார் வீட்டுக் குழந்தைங்க அது? உங்க தம்பி குழந்தை. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்களாம். திங்கட்கிழமை மழைன்னு ரேடியோவுல சொல்றான். அப்புறம்?"

"நமக்கு பேப்பர் கப்புல தண்ணி குடுத்தவ வீடு அது" என்றார் அவர். மெல்லத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் போய்த் தைத்தது. ஆறு வருஷமாக அது தன் ஒருத்தியின் காயம் என்று நினைத்திருந்தாள். இந்த மனிதரும் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அரை கிலோமீட்டர் மேலே இருக்கிற வீட்டை யார் நினைக்கப் போகிறார்கள். அவளுக்கும் அது தெரியாமல் இல்லை.

"சாயம் வரலைன்னா," என்றாள், "பள்ளத் தெரு நடுவுல நின்னு, கட்டினா என் புருஷன் மாதிரி கட்டணும்னு நானே கத்தறேன். இது சத்தியம். வந்துச்சுன்னா, அந்தக் குழந்தைக்கு நாம பதில் சொல்லணும்."

மேஸ்திரி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்து மணிக்குத் தண்ணி மேடம் வந்தாள். காகிதப் பொட்டலத்தில் செங்கல் நிறப் பொடி. வாளியில் ஒரு கரண்டி போட்டதும் கிளியின் இறகுபோல் பச்சையாக மின்னியது. லாரி அக்கா தன் கையாலேயே ஊற்றினாள். அதன் பின்னால் இருபது வாளித் தண்ணீர், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் பாறை 'களுக்' என்று விழுங்கியது. மூடிய உள்ளறைக்கும் அது கேட்டிருக்கும்.

மேடம் போனதும் லாரி அக்கா குளியலறைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இனிமே இதுக்குள்ள யாரும் போகக் கூடாது."

"அப்போ நான் எங்கே போறது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எதிர் வீட்டுல கேட்டு வெச்சிருக்கேன். உள்ளே போறப்ப அவங்க தொட்டியைப் பத்திக் குத்தம் சொல்லாம வாங்க."

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. அவள் லாரியை எப்போதும்போலத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனாள். கிணற்றைச் சுற்றிக் கூட்டம். கொழுந்தன் வாளியை இழுத்துத் தரையில் வைத்தான். தண்ணீர் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. 

"எந்த வீட்டுல ஊத்தினது மேடம்?" என்று கேட்டார் தபால்காரர்.

"அதைச் சொல்லக் கூடாதுங்க. விதி அப்படி. அலுவலகத்துலேருந்து அந்த வீட்டுக்கு மட்டும் கடிதம் போகும்."

 லாரி அக்கா தப்பித்துக்கொள்ள இன்னொரு வாசலைக் காலம் திறந்து காட்டியது. பக்கத்தில் நின்ற ஒருத்தி, "எந்தப் பாவியோ" என்றாள்.

"பாவி இல்லம்மா, நாங்கதான்" என்றாள் லாரி அக்கா. அந்த எட்டு வீட்டுக் குரல் அன்றைக்குப் பக்கத்திலிருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அதனால் இன்னொரு முறை, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எங்க வீட்டுது. நான்தான் ஊத்தினேன்."

 தபால்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவளோடு கூடவே லாரி நிற்கும் இடம்வரை நடந்து வந்தார்.

அடுத்த நாள் சாயங்காலம் மேட்டுத் தெரு வீட்டுக் கதவு தட்டப்பட்டது. லாரி அக்கா திறந்தாள். வாசலில் ஓரகத்தி. தலை வாரி மூன்று நாள் ஆகியிருக்கும். கையில் ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் பச்சைத் தண்ணீர்.

"உள்ளே வா" என்றாள் லாரி அக்கா. 

ஓரகத்தி வந்தாள். குப்பியை மேஜைமேல் வைத்தாள். உட்காரவில்லை.

"குழந்தை எப்படி இருக்கா?"

"கண்ணைத் திறந்து பிஸ்கட் கேட்டா. சாயம் கிணத்துக்கு வந்துடுச்சு, கழிவுத் தண்ணிதான்னு டாக்டருக்கு உறுதியாச் சொன்னதும் என்னமோ பரிசோதனை பண்ணி மருந்தை மாத்தினாங்க. காய்ச்சல் இறங்கிடுச்சு."

லாரி அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். நாலு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை இறங்கியது. கண்ணீர் தானாக வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நேத்து ராத்திரி எல்லாம் உங்களைத் திட்டினேன்க்கா" என்றாள் ஓரகத்தி. "வாயில வந்ததெல்லாம் திட்டினேன். மூணு தடவை என் பொண்ணு சாகக் கிடந்தா. திட்டாம என்ன பண்ணுவேன்?"

"திட்டு. தகும்."

"திட்டித் திட்டி ஓஞ்சப்புறம் ஒண்ணு தோணுச்சு. நான் தபால்காரர் வீட்டு வாசல்ல நின்னு கத்திட்டிருந்தேன். ஊரே அவர்தான்னு நம்பிட்டிருந்தது. நீங்க சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியும்? ஏன்க்கா சொன்னீங்க?"

லாரி அக்கா மேஜையிலிருந்த குப்பியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"தினம் நாலு வீட்டு மூடியைத் திறக்கறவ நான். என் வீட்டு மூடி மேல மட்டும் ஏறி உக்காந்துக்க முடியுமா?"

ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள். விரலில், ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன இடத்தை நெருடிக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு நான் உங்களுக்குப் பேப்பர் கப்புல தண்ணி குடுத்தேன்."

"விடு. அது பழைய கதை."

"இல்லக்கா. அந்தத் தண்ணி எங்க கிணத்துத் தண்ணி."

லாரி அக்கா நிமிர்ந்தாள். 

"நான் குடிக்கலையே" என்றாள் லாரி அக்கா.

"குடிக்கல. கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டீங்க. டம்ளர்ல குடிச்ச மத்த நாலு பேரை நினைச்சாத்தான்..."

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கலந்து வந்தது. ஆறு வருஷத்து வைராக்கியம் அந்தச் சமையலறையில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றது.

உள்ளறைக் கதவு திறந்தது. மேஸ்திரி கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். மூன்று நாள் தாடி. கையில் நாலாக மடித்த காகிதம்.

"என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேக்கலம்மா" என்றார் தம்பி மனைவியிடம். "எனக்குத் தெரியாது. பாறை குடிச்சிடுதுன்னுதான் நினைச்சேன். அது வாங்கி வாங்கிக் கீழே குடுத்துட்டிருக்குன்னு தெரியாது. ஆனா, தட்டிப் பாத்து வாய் கண்டுபிடிச்சவனுக்கு, அந்த வாய் எங்கே போகுதுன்னு கேக்கணும்னு தோணியிருக்கணும். தோணல."

காகிதத்தை விரித்தார். கோணல் கையெழுத்தில் நாற்பத்து மூன்று வீடுகள். முதல் வரியில் தன் வீடு.

"இதை அடைச்சுட்டு, தபால்காரர் வீட்டுல இருக்கற மாதிரி பூசின தொட்டி வைக்கணும். மத்த நாப்பத்திரெண்டு வீட்டுக்கும் நானே போய் என் வாயால சொல்றேன். நாளைக்குக் காலைல ஆரம்பிக்கறேன்."

"இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு எப்படி மாமா நடப்பீங்க?" என்றாள் ஓரகத்தி.

மேஸ்திரி மனைவியைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே நின்ற மஞ்சள் லாரியைப் பார்த்தார்.

"முன்னாடி ரெண்டு சீட் இருக்குல்ல அதுல?"

பதினோரு வருஷம். லாரி அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "இருக்கு. ஆனா வழியில டீக் கடையில நிறுத்தச் சொல்லித் தொந்தரவு பண்ணக் கூடாது."

"ஏற்கெனவே ரூல் போட ஆரம்பிச்சுட்டா பாரும்மா" என்றார் அவர்.

ஓரகத்தி புறப்பட்டாள். லாரி அக்கா ஆறு லிட்டர் கேனில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர் இருந்த இன்னொரு கேனையும் எடுத்து, இரண்டையும் அவள் கையில் கொடுத்தாள்.

"பல்லு தேய்க்கறதுக்கும் இதுதான். புரிஞ்சுதா? தினம் காலைல நானே கொண்டுவந்து வைக்கறேன், வேற வழி ஆகற வரைக்கும்."

"சரிக்கா." வாசற்படி இறங்கியவள் நின்று திரும்பினாள். "அவளுக்குப் பெரியம்மான்னு கூப்பிடச் சொல்லித் தரணும். கொஞ்ச நாள் ஆகும்."

"ஆகட்டும்."

தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. இரண்டு கேன்களின் பாரத்தில் தோள் சாய்ந்தபடி ஓரகத்தி இறக்கத்தில் இறங்கிப் போனாள். லாரியைத் தாண்டும்போது ஒருகணம் தயங்கி, ஒரு கேனைக் கீழே வைத்துவிட்டு, அதன் முன்சக்கரத்து மட்கார்டின் மேல் கையை வைத்து மூச்சு வாங்கினாள். கையைத் துடைத்துக்கொள்ளாமலேயே கேனை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அவள் திருப்பத்தில் மறையும் வரை நின்றிருந்து, லாரி அக்கா கதவைச் சாத்தினாள்.